குழாய் எடுத்த அன்று

காலை எட்டு மணிக்கு மாடத்திக்கு மூத்திரக் குழாயை எடுத்துவிட்டார்கள்.

மலக்குடலில் இருந்த புற்றுக்கட்டியை வெட்டி எடுத்துப் பத்து நாள் ஆகியிருந்தது. இந்த ஆபரேஷனுக்குப் பிறகு நீர் அடைத்துக்கொள்வது உண்டு என்று டாக்டர் முந்தின நாளே ஒரு மாத்திரையை ஆரம்பித்திருந்தார். நாலு மணிக்குள் தானாகப் போகாவிட்டால் மறுபடியும் குழாய்தான் என்றார்.

மறுபடியுமா? ரப்பரோடும் பாட்டிலோடும் கட்டிக்கிடந்தது போதும். செத்தாலும் மாட்டேன் என்று மாடத்தி நினைத்துக்கொண்டாள்.

அவள் புருஷன் தங்கச்சாமி மாத்திரையை நேரம் தவறாமல் கொடுத்தார். தண்ணீரைத்தான் கொடுக்கவில்லை. பச்சை உடம்பில் தண்ணீர் சேர்ந்தால் புண் சீழ் வைக்குமாம். மாத்திரைக்கு ஒரு மடக்கு, அவ்வளவுதான். கூஜா அவர் காலடியிலேயே இருந்தது.

அவளும் கேட்கவில்லை. அவள் வேலை பார்க்கும் சாத்தூர்த் தீப்பெட்டிக் கம்பெனியில் பன்னிரண்டு மணி அடிக்கும்வரை ஒருத்தியும் ஒதுங்கப் போகக்கூடாது. அதனால் பெண்கள் காலையில் தண்ணீரே குடிக்கமாட்டார்கள். இருபது வருஷமாக அப்படிப் பழகிய உடம்பு.

மூன்று மணிக்கு வந்த நர்ஸ் சொர்ணலட்சுமி கூஜாவைத் தூக்கிப் பார்த்தாள். கனத்தது.

“தண்ணியே குடிக்காம இருந்தா மாத்திரை எதத்தான் வெளிய தள்ளும்?”

மாடத்திக்குச் சுரீரென்று கோபம் வந்தது, நர்ஸ் மேல் இல்லை. கூஜாவை வாங்கினாள். வேண்டாம் என்று தங்கச்சாமி கையை நீட்டினார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே மூன்று டம்ளர் குடித்தாள். நாலாவதையும் ஊற்றினாள்.

நாலு அடிக்கச் சற்று முன்னால் அடிவயிறு முட்டியது. வயிற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

“ஏட்டி, எங்க கெளம்பிட்ட?”

தங்கச்சாமியின் வாய் தானாகக் கேட்டுவிட்டது.

 சுவரைப் பிடித்து நடந்துபோய் கக்கூஸ் கதவைச் சாத்தினாள். கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு வார்டு முழுக்கக் கேட்டது.

நர்ஸ் சிரித்தாள். தங்கச்சாமி தரையைப் பார்த்தார்.

கம்பெனி வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, மணி அடிக்குமுன் எழுந்தவளையெல்லாம் இதே கேள்வி கேட்டு உட்காரவைக்கும் கங்காணி அவர்தான். சொந்தப் பெண்டாட்டியாச்சே என்று ஒருநாள்கூட அவளை விட்டதில்லை.