காலி சீட்

தாராவி தொண்ணூறடி ரோடு சிக்னலில் டூர் வேன் நிற்கிறது. உள்ளே ஏசி குளிர். மாட்டுங்கா கோயில் குங்குமம் நெற்றியிலும், கும்பார்வாடாவில் வாங்கிய மண்விளக்குகள் மடியிலுமாகச் சிங்கப்பூர்த் தம்பதி உட்கார்ந்திருக்கிறார்கள். கழிமுகத்தில் தண்ணீர் ஏறுமுன் போனால்தான் அவர்களுக்குப் பூநாரைகளைக் காட்ட முடியும். பின்னால் நான்கு சீட் காலி. விருந்தினர் தவிர யாரையும் ஏற்றக்கூடாது என்பது கம்பெனி விதி; ஏற்றிய ஒருவனுக்குப் போன மாதம் வேலை போயிற்று. கைடு சேசுராஜ் ஜன்னல் வழியே பார்க்கிறான். வெயிலில் அவன் மனைவி செல்வமேரி டாக்சிக்குக் கை காட்டியபடி நிற்கிறாள். நெற்றியில் ஈரத்துணியோடு குழந்தை அவள் தோளில் துவண்டு கிடக்கிறது. எந்த டாக்சியும் நிற்கவில்லை. கண்ணாடிக்குள் அவனைக் கண்டதும் தூக்கிய கையை இறக்கிக்கொள்கிறாள். அவளுக்கும் விதி தெரியும். “அண்ணே, நம்ம மதினில்லா நிக்காவ?” என்கிறான் டிரைவர், மெதுவாக. சேசுராஜ் சிக்னலைப் பார்க்கிறான். பின்னால் சிங்கப்பூர் அம்மாள் போனைத் தூக்குகிறார். “பாவம், அம்மாவும் பிள்ளையும். ஒரு படம் எடுத்துக்கவா?” சேசுராஜ் திரும்புகிறான். காலையில் கோயில் வரலாறு சொன்ன அதே குரலில், “இந்த ஏரியால ஜனங்கள போட்டோ எடுக்கக் கூடாது மேடம். ரூல்ஸ்,” என்கிறான். போன் தாழ்கிறது. வேன் நகர, செல்வமேரி குழந்தையை மறுதோளுக்கு மாற்றிக்கொள்கிறாள்.