இரண்டாவது சாட்சி

அண்ணன் தன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, படுக்கையில் இருந்த அப்பாவின் கையில் வைத்தான். அந்த அக்கறைதான் தங்கைக்குப் பிடிக்கவில்லை. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை அவளுக்குத் தெரியும்.

"இருங்கப்பா. நான் படிக்கணும்."

"நேத்தே படிச்சுக் காமிச்சேனே?" என்றான் அண்ணன்.

"நீ படிச்சே. நான் படிக்கல."

மூன்று பக்க உயிலை ஜன்னலோரம் எடுத்துப் போனாள். வாடகை ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டு, நன்றாக ஓடிக்கொண்டிருந்த தையல் கடையை ஒரே மாதத்தில் காலி செய்துவிட்டு வந்தவள். அன்றிலிருந்து மருந்து அட்டையில் இருக்கும் பொடி எழுத்தைக்கூட விடுவதில்லை. சூடு கண்ட பூனை.

அப்பா பக்கவாதத்தில் விழுந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. வெளியூர்த் துணித் தொழிற்சாலை ஒன்றில் மேற்பார்வை வேலை கிடைத்ததும், போன வாரம் அவள் அப்பாவிடம் நேராகவே கேட்டிருந்தாள்.

"நான் போயிட்டா உங்களுக்கு யாரும் இல்ல. இருந்துட்டா எனக்கு எதுவும் இல்ல. வீட்டை என் பேருக்கு எழுதி வைங்கப்பா, கடைசி வரைக்கும் இருக்கேன்."

'வீடு பையனுக்குத்தான்' என்று அதுவரை பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த அப்பா இரண்டு நாள் வாயே திறக்கவில்லை. மூன்றாம் நாள் டைப் அடிப்பவரை வரவழைத்தார். உயில் முழுக்க அவர் சொல்லச் சொல்ல அடித்ததுதான். முப்பத்தைந்து வருடம் பத்திரம் எழுதியவர். ஒரு கமா இடம் மாறினாலும் பத்திரத்தை முதலிலிருந்து மறுபடி எழுதுவார் என்பதால் பதிவு அலுவலகத்தில் அவருக்குப் பெயரே 'கமா'. இடது பக்கம் விழுந்ததே தவிர, புத்திக்கு ஒரு குறையும் இல்லை.

அவள் தேடித் தேடிப் பார்த்தும் உயிலில் ஒரு வில்லங்கமும் அகப்படவில்லை. வீடு, அடிமனை, மாடி எல்லாம் மகளுக்கு. 'மீதமுள்ளவை அனைத்தும் மகனுக்கு' என்று கடைசியில் ஒரே ஒரு வரி. அதற்குக் கீழே சாட்சிகளுக்காக இரண்டு வெற்றுக் கோடுகள். கோட்டில் படிக்க என்ன இருக்கிறது?

"மீதின்னா என்ன? ஓடாத கடிகாரமும் இந்தக் கட்டிலும்தான்" என்று அண்ணன் சிரித்தான். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அப்பா கையெழுத்துப் போட்டார். கீழ்த்தளத்து மருந்துக் கடைக்காரர் முதல் சாட்சி. இரண்டாவது சாட்சிக்கு அண்ணன் தன் நண்பன் ஒருவனைக் கூட்டி வந்திருந்தான். அவன் பேனாவைத் தொடுவதற்குள் அவள் குறுக்கே வந்தாள்.

"இவர் எதுக்கு? உன் ஆளு நாளைக்குக் கோர்ட்டுல மாத்திச் சொல்ல மாட்டார்னு என்ன நிச்சயம்?"

நண்பன் முகம் கறுத்து வெளியே போனான். "உனக்குப் போய் நல்லது செய்ய வந்தேன் பாரு" என்று அண்ணனும் பின்னாலேயே போய்விட்டான்.

"என் வீட்டுக்காரியைக் கூப்பிடட்டுமா?" என்று மருந்துக் கடைக்காரர் கேட்டார்.

அப்பா வேண்டாமென்று கையசைத்தார். கோணிய வாயால் குழறிக் குழறிச் சொன்னார். "வெளி ஆளு எதுக்கு? இவளே போடட்டும்."

"நானாப்பா?"

"பெத்த பொண்ணை விட நம்பிக்கையான சாட்சி வேற யாரும்மா?"

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பிறந்ததிலிருந்து அப்பா அவளைப் பற்றி அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. இரண்டாவது கோட்டில் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டாள்.

"நல்லாப் படிச்சுட்டியா?" என்று அப்பா கேட்டார்.

"ரெண்டு தடவை படிச்சுட்டேன்பா."

"அப்ப சரி." கண்ணை மூடிக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஏழு வருடம். புரட்டிப் படுக்க வைத்தாள், துடைத்தாள், ஊட்டினாள். ஒரு படுக்கைப் புண் வரவிடவில்லை. தொழிற்சாலை வேலை வேறொருத்திக்குப் போனது. அவளைக் கட்டிக்கொள்வதாகச் சொன்ன மனிதரும் மூன்று வருடம் காத்திருந்து பார்த்துவிட்டு வேறு பக்கம் போனார்.

அப்பா போன மறுமாதம் அண்ணனும் தங்கையும் வக்கீலின் அறையில் உட்கார்ந்திருந்தார்கள். வக்கீல் அப்பாவின் காலத்து மனிதர். கடைசிப் பக்கம் வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு, மறுபடியும் பார்த்தார்.

"ரெண்டாவது சாட்சி நீங்களாம்மா?"

"ஆமா சார்."

"நம்ம கிறிஸ்தவங்களுக்கான சட்டப்படி, உயில்ல சொத்து வாங்குறவங்க அதே உயிலுக்குச் சாட்சி போடக் கூடாதும்மா. போட்டா உயில் நிக்கும். அவங்களுக்கு எழுதினது மட்டும் செல்லாமப் போயிடும்."

"அப்போ வீடு?"

"மீதியோட சேர்ந்துடும். மீதி உங்க அண்ணனுக்கு."

அவள் அண்ணன் பக்கம் திரும்பினாள். "பேனா மூடியைக்கூடக் கழட்டிக் குடுத்தியேடா, பாவி! ஏழு வருஷம் அப்பாவோட மூத்திரத் துணி துவைச்சது நானு. நீ தெருவுல நிறுத்திட்டியே!"

அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான். "எனக்குச் சட்டம் என்ன தெரியும்? சாட்சிக்கு ஒரு ஆளைக் கூட்டிட்டுத்தானே வந்தேன்? நீதானே விரட்டுனே?"

அவள் புடவைத் தலைப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

"அப்பா பாவம் சார். இந்தச் சட்டம் மட்டும் அவருக்குத் தெரிஞ்சிருந்தா, என்னைக் கையெழுத்துப் போட விட்டிருப்பாரா?"

வக்கீல் உயிலை மெதுவாக மடித்து வைத்தார்.

"இதை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே உங்க அப்பாதாம்மா."