முழு சிக்னல்

"கடைசியா கேட்கிறேன். பாலை நீங்க குடிக்கலைன்னா வேற யாரு குடிச்சது, இந்த லேப்டாப்பா?"

கழற்றிய திருகுகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்த கணவன் நிமிரவில்லை. "நான் குடிக்கலைன்னு எத்தனை தடவை சொல்றது?"

"நேத்து பிஸ்கட். அதுக்கு முன்னாடி ரொட்டி. தின்னதுகூடத் தப்பில்லைங்க. மூஞ்சியைப் பார்த்துப் பொய் சொல்றீங்க பாருங்க, அதைத்தான் தாங்க முடியலை."

வாசலருகே அவள் பெட்டி தயாராக நின்றது. அம்மா வீட்டுக்குப் போக அவள் சொன்ன காரணங்கள் இரண்டு. ஒன்று, இங்கே வைஃபை விட்டு விட்டு வருகிறது, ஆபீஸ் வேலை ஓடவில்லை. இன்னொன்று, புருஷன். முதலாவதையாவது சரிசெய்யலாம் என்றுதான் லேப்டாப்புக்குள் போடப் புது வைஃபை கார்டு வாங்கி வந்திருந்தான். இரண்டாவதற்கு உதிரிபாகம் கிடைப்பதில்லை.

லேப்டாப் பழசு. இருவர் போனும் பழசு. கட்டில் வீட்டுக்காரருடையது. அந்த வீட்டில் புதிது என்றால் கல்யாணம் ஒன்றுதான். அதுவும் இப்போது பெட்டியோடு வாசலில் நின்றது.

தபால்தலை அளவிலிருந்த பழைய கார்டைப் பிடுங்கிவிட்டுப் புதியதைச் செருகினான். கறுப்பு ஒயரையும் வெள்ளை ஒயரையும் சட்டைப் பொத்தான் மாதிரி 'டிக்'கென்று அழுத்தினான். அடிமூடியை மாட்டி ஆன் செய்தான்.

"பழைய கார்டுக்குப் பாதி நெட்வொர்க் கண்ணுக்கே தெரியாது. இது எல்லாத்தையும் பார்க்கும்."

"பார்க்க இங்க என்ன இருக்கு? ஒரு பக்கம் புதர், இன்னொரு பக்கம் காலி மனை."

ஆனால் பட்டியலில் அவர்களுடைய வைஃபைக்கு மேலே இன்னொன்று இருந்தது. முழு சிக்னல். பெயர்: முட்டைக்கண்ணி.

விளக்கை அணைத்த பிறகு, அதுவும் காதோரமாக, அவன் அவளைக் கூப்பிடும் பெயர் அது.

"சமாதானம் பண்ற லட்சணத்தைப் பாரு" என்றாள். உதடு சிரிக்கப் பார்த்தது.

அவன் அந்தப் பெயரை வைக்கவில்லை. அவள் சிரித்து நாளாகியிருந்ததால் அதை உடனே சொல்ல மனம் வரவில்லை. பிறகு அந்தப் பெயரை இன்னொரு தடவை படித்தான்.

"இது... நீ வைக்கலையா?"

"என் போன் சார்ஜ் இல்லாம செத்துக் கிடக்கு."

"என் போன்ல ஹாட்ஸ்பாட்டே வராதே."

"நம்ம ரெண்டு பேரைத் தவிர இந்தப் பேர் யாருக்குத் தெரியும்?" சிரிப்பு போன இடம் தெரியவில்லை. "பாலுக்கு ஒரு பொய், இதுக்கு ஒரு பொய். போதுங்க. நான் கிளம்புறேன்."

பெட்டியின் கைப்பிடியைப் பற்றினாள். திறக்க வேண்டாம் என்று வீட்டுக்காரர் சொல்லிவைத்திருந்த பரணில் ஏதோ மெல்ல நகர்ந்தது. எலியாக இருக்கும் என்று குடிவந்த அன்றே இருவரும் முடிவு செய்திருந்தார்கள்.

"நான் இல்லடி! சத்தியமா நான் இல்லை!"

திரையில் பட்டியல் ஒருமுறை மறைந்து மறுபடி வந்தது. முட்டைக்கண்ணியைக் காணோம். அதே இடத்தில், அதே முழு சிக்னலில், வேறொரு பெயர் இருந்தது:

'பால் நான்தான். சண்டை வேண்டாம்.'