அறுபத்தோரு கை

பத்து மணி அடிப்பதற்குள் வாட்ஸ்அப் குழுவில் அறுபத்தோரு பேர் கை தூக்கியிருந்தார்கள்.

குழலி இரண்டு முறை எண்ணினாள். போனைப் புருஷன் பாபுவிடம் கொடுத்து அவனையும் எண்ணச் சொன்னாள். அறுபத்தொன்றுதான்.

ஏலவார்குழலி என்ற முழுப் பெயர் ரேஷன் கார்டில் மட்டும்தான். பென்னலூரில் கம்பெனி பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே அவள் நடத்தியது ‘குழலி அக்கா மெஸ்’. சாப்பிட வந்ததெல்லாம் காருக்கு ஒயர் பின்னும் கம்பெனியில் வேலை பார்த்த தெற்கத்திப் பிள்ளைகள். நாலைந்து பேருக்கு ஓர் அறை, அதில் சமைக்க இடமேது.

தினமும் சோறு மிஞ்சுகிறது என்று அவள் ஒருநாள் புலம்பியபோது, அருள்பாண்டி என்பவன்தான் அந்தக் குழுவை ஆரம்பித்துக் கொடுத்தான்.

சட்டம் ஒன்றே ஒன்று. மதியம் வருகிறவர்கள் காலை பத்து மணிக்குள் கை தூக்கும் படத்தை அனுப்ப வேண்டும். எத்தனை கையோ, அத்தனை பேருக்கு உலை. கை தூக்கிவிட்டு வராமல் போனவன் மறுநாள் எல்லார் முன்னாலும் வாங்கிக் கட்டிக்கொள்வான். அதனால் இரண்டு வருடம் ஒரு பிடி சோறு வீணாகவில்லை.

2014 தீபாவளி முடிந்த மறுவாரம் கம்பெனியை மூடிவிட்டார்கள்.

பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். குழுவை விட்டு மட்டும் ஒருவரும் போகவில்லை. போனால் அக்கா மனசு கஷ்டப்படுமாம். அந்த நல்ல மனசுதான் வினையாகப் போயிற்று.

கைகள் குறைந்தன. நாற்பது, பதினைந்து, நாலு. சித்திரை பிறந்தபோது ஒன்றும் இல்லை. மூடிய கேட்டுக்குக் காவல் இருந்த வாட்ச்மேன்கள் இருவர் மட்டும் வந்து சாப்பிட்டார்கள். அவர்களிடம் வாட்ஸ்அப் கிடையாது.

ஆடி மாதம் பாதியில் ஒருநாள் காலையில் அவள் குழுவில் பேசி அனுப்பினாள். “இன்னியோட மெஸ்ஸ மூடுறேன். கருவாட்டுக் கொழம்பு, உங்க ஊரு மாதிரி தேங்கா அரைச்சு ஊத்தி. யாராரு வரீங்கன்னு கை தூக்குங்க.”

அந்த அறுபத்தோரு கைகளும் அப்படி வந்து குவிந்தவைதான். கூடவே கேலியும். கவியா இரண்டு அப்பளம் கேட்டாள். சுடலை சட்டியின் அடிக் குழம்பு தனக்குத்தான் என்று சொல்லிவைத்தான்.

“இன்னா குழலி, கம்பெனி மூடி ஒம்போது மாசம் ஆவுது, பசங்கல்லாம் ஊர் போய்ச் சேந்துட்டானுங்க. எங்கேர்ந்து வரப்போறானுங்க?” என்றான் பாபு.

“கை தூக்கிக்கினு கீறாங்க இல்ல? எம் பசங்க பொய்க் கை தூக்க மாட்டானுங்க.”

அவளுக்குத் தெரியாமல் இல்லை. மூடுவதற்கு முன்னால் ஒரே ஒரு முறை அந்த இடம் நிறைந்து பார்க்க வேண்டும் என்று இருந்தது. ஆசை வந்துவிட்டால் எல்லாக் கணக்கும் சரியாகத்தான் வரும்.

மெஸ் அரிசி போதவில்லை. வீட்டுக்கென்று ஒதுக்கி வைத்திருந்த அரிசியும் உலைக்குப் போயிற்று.

பன்னிரண்டரைக்குத் தட்டுகளை வரிசையாக வைத்தாள். பாபு ரோட்டோரம் போய் நின்றான். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கமிருந்து பஸ்கள் வந்தன. யார் யாரோ இறங்கி வேறு வேறு கம்பெனிகளுக்குப் போனார்கள்.

வாட்ச்மேன்கள் வந்து சாப்பிட்டார்கள். இத்தனை தட்டு வைத்திருக்கிறதே, ஏதாவது விசேஷமா என்று ஒருவர் கேட்டார். ஆமாம் என்றாள்.

இரண்டரைக்கு அருள்பாண்டிக்குப் போன் போட்டாள். காலையில் முதல் கை அவனுடையதுதான்.

“எங்கடா வந்துகினு கீற?”

“இந்தா, ஸ்ரீபெரும்புதூர்ல பஸ் ஏறிட்டேன்க்கா. தட்டு வச்சிருங்க!” என்று சிரித்தான்.

அவன் குரலுக்குப் பின்னால் தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்றிரண்டு அல்ல, ஒரு கூடம் நிறைய.

எத்தனை வருடம் கம்பெனிப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டவள். பஸ் சத்தம் எது, மெஷின் சத்தம் எது என்று அவளுக்கா தெரியாது?

“சரிடா. வேலையப் பாரு. நேரத்துக்கு சாப்டு,” என்று வைத்துவிட்டாள்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். மற்ற அறுபது பேரில் ஒருவரையும் அவள் கூப்பிடவில்லை.

பாபு திரும்பி வந்தபோது தட்டுகளை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். யாரும் தொடாத தட்டுகள். ஆனாலும் ஒவ்வொன்றையும் கழுவித் துடைத்தாள். அவன் சோற்றுக் குண்டானை மூடி வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டான்.

நாலு மணிக்கு அவள் குழுவில் எழுதினாள்: ‘எல்லாரும் வந்து சாப்ட்டீங்க. சோறு பத்தல. நல்லா இருங்க.’

கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். அதன் பிறகு அந்தக் குழுவில் அவள் எதுவும் எழுதவில்லை.

நடந்ததையெல்லாம் பாபு அண்ணன் சொன்னது வெகுநாள் கழித்து. பழைய கம்பெனியில் வேலை பார்த்ததற்கு ஒரு கடிதம் வாங்கலாம் என்று பென்னலூர் பக்கம் போயிருந்தபோது, பூட்டிய மெஸ்ஸின் வாசலில் நிற்க வைத்துச் சொன்னார். யாரையும் அவர் குறை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அருள்பாண்டி நான்தான். திருப்பூர் பனியன் கம்பெனியில், தைத்துக்கொண்டே அவளோடு பேசியவன்.

சோறு பத்தல என்று அவள் எழுதியதைப் பார்த்ததும், அக்காவும் நம்மோடு சேர்ந்து விளையாடுகிறாள் என்று நினைத்தேன். பக்கத்து மெஷின்காரனிடம் காட்டிச் சிரித்தேன்.

முதல் கட்டைவிரலும் நான் போட்டதுதான்.