நெவார்க்கில் நிறுத்தப்பட்டவள்

வான்மதியின் கணவர் ஞானவேல் புதுச்சேரிக்காரர், பிரெஞ்சுக் குடிமகன். அவளுடையது இந்தியப் பாஸ்போர்ட். பாரிஸில் இறங்கியபோது, மனைவி என்றதும் அவருடைய வரிசையிலேயே அவளையும் விட்டார்கள். அமெரிக்கா திரும்பியபோது, நெவார்க் விமான நிலையத்தில் அதிகாரி அவளை மட்டும் உள்ளறைக்கு அனுப்பினார்.

"பயப்படாத. லக்கேஜ் எடுத்துட்டு வெளியில வெயிட் பண்றேன்" என்றார் ஞானவேல்.

மாலைவரை அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. பிறகு போகச் சொன்னார்கள். வெளியே அவர் இல்லை. பெட்டிகளும் இல்லை. ஜெர்சி சிட்டியிலுள்ள தங்கள் வீட்டுக்கு ஃபோன் செய்தாள்.

"என்னங்க, என்னை விட்டுட்டுப் போயிட்டீங்களே!" அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் வீட்டுக்குள் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"வான்மதி, யாரோ உன் குரல்லயே பேசறாங்க."

சமையலறைக் குழாயை மூடும் சத்தம் கேட்டது.

"யாருங்க?" என்றபடி அவளுடைய குரலே ஃபோனை நெருங்கி வந்தது.