நரி பிடிபடும் வரை

"மாப்ளே, உன் துப்பாக்கியைக் கொஞ்ச நாளைக்கு எனக்குக் குடேன்."

தீவனக் கடை வாசலில் நின்ற பிக்கப் வண்டியின் ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு கேட்டார் டெல்பர்ட். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஹார்லன் தொப்பியைப் பின்னுக்குத் தள்ளி, மச்சானை ஏற இறங்கப் பார்த்தார்.

"எதுக்கு? டோரீன் உன்னை வீட்டை விட்டுத் துரத்துறாளா?"

"என் பெண்டாட்டிக்கு இதெல்லாம் பத்தாது, பீரங்கிதான் வேணும். நரி மாப்ளே, குள்ளநரி. கோழிக்கூண்டு பக்கத்துலயே வந்து படுத்துக்குது. போன வாரம் செவலையைத் தூக்கிட்டுப் போயிடுச்சு."

"எண்ணெய் போட்டுத் தர்றேன்னு என் ரைஃபிளை எடுத்துட்டுப் போனியே, அது என்ன ஆச்சு?"

"அது இன்னும் எண்ணெய்லயே ஊறுது. அதுவுமில்லாம, என் தோள்பட்டை இருக்கிற லட்சணத்துக்கு ரைஃபிளைத் தூக்கினா நான்தான் விழுவேன். நரி நின்னு சிரிச்சுட்டுப் போகும்."

ஹார்லனின் உதட்டோரம் லேசாக அசைந்தது. ஜனவரியில் மனைவி வெர்னாவை அடக்கம் செய்ததிலிருந்து அந்த முகத்தில் அவ்வளவு அசைவே அபூர்வம். வெர்னா டெல்பர்ட்டின் தங்கை.

கடைக்கூரையிலிருந்து பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது.

"சரி, செவலை போச்சு. வேற?"

"வெள்ளையும் போச்சு. என்னமா முட்டை போடும் தெரியுமா? தினம் ரெண்டு."

"ஒரே கோழி, தினம் ரெண்டா?"

"சில நாள்ல." டெல்பர்ட் பூட்ஸ் நுனியால் சேற்றைக் கிளறினார். "இப்ப முட்டையா முக்கியம்? குடுப்பியா, மாட்டியா?"

ஸ்டீயரிங்குக்குக் கீழே, வலது முழங்காலுக்கு மேலே, ரப்பர் உறை போட்ட காந்தம் ஒன்று திருகி வைக்கப்பட்டிருந்தது. உள்ளங்கை அகலம். கைத்துப்பாக்கி அதில்தான் ஒட்டிக்கொண்டிருந்தது. முன்பெல்லாம் அது கதவுப் பையில் கிடந்து கடகடவென்று உருளும். அந்தச் சத்தம் பொறுக்காமல் காந்தத்தை வாங்கி வந்து, கணவனைத் தரையில் படுக்கவைத்துத் திருகச் சொன்னவள் வெர்னாதான்.

ஹார்லன் கீழே கையை விட்டுத் துப்பாக்கியை இழுத்தார். டக்கென்று கழன்று வந்தது. குழலைத் தரைப்பக்கம் திருப்பி, தோட்டாப் பெட்டியை உருவி எடுத்தார். மேல்பகுதியைப் பின்னுக்கு இழுத்தார். உள்ளே ஏறியிருந்த ஒரு தோட்டா துள்ளி அவர் மடியில் விழுந்தது.

டெல்பர்ட் அதைப் பார்த்தார்.

"நீ எப்பவும் உள்ள ஏத்தி வைக்கமாட்டியே மாப்ளே."

"இல்ல, வைக்கமாட்டேன்."

"இதை எப்ப..."

"ஞாபகமில்ல மச்சான்."

டெல்பர்ட் தோட்டாவை எடுத்துத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். துப்பாக்கியை வாங்கினார். கழுத்துத் துணியை அவிழ்த்து அதில் சுற்ற ஆரம்பித்தார்.

காந்தத்தில் இன்னும் ஏதோ மெலிதாக ஒட்டிக்கொண்டிருந்தது. வெர்னாவின் கொண்டை ஊசி.

"போற இடமெல்லாம் உதிர்த்துட்டுப் போவா கழுதை," என்றார் டெல்பர்ட். "சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். ஒருதடவை எங்க அப்பா சூப்புல கிடந்தது."

"இதை நீ கேட்காதே."

"கேட்கல மாப்ளே. அது உன்கிட்டயே இருக்கட்டும்."

ஹார்லன் ஊசியை விரலால் ஒருமுறை தொட்டுவிட்டு, இருந்த இடத்திலேயே விட்டார்.

"எப்பத் திருப்பித் தருவே?"

"நரி பிடிபட்டதும்."

"பிடிபடலைன்னா?"

"பிடிபடற வரைக்கும் என்கிட்ட இருக்கட்டுமே. உனக்கு அவசரமா என்ன?"

"அவசரம் எதுவுமில்ல," என்றார் ஹார்லன் மெதுவாக. "நீ நிதானமாவே பிடி."

டெல்பர்ட் ஜன்னல் வழியே கையை நீட்டி அவர் தோளைத் தட்டினார். தட்டிய கையை உடனே எடுக்கவில்லை.

"ராத்திரிச் சாப்பாட்டுக்கு நம்ம வீட்டுக்கு வா. டோரீன் மாட்டுக்கறி வேகவைக்கிறா."

"பார்க்கலாம்."

"பார்க்கலாம்லாம் கிடையாது. வரலைன்னா அவளையே அனுப்புவேன். அப்புறம் உன் பாடு."

டெல்பர்ட் தன் வண்டியில் ஏறிப் போனார். அது பாலத்தைத் தாண்டி மறையும் வரை ஹார்லன் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு, வெகுநாளைக்குப் பிறகு, வாய்விட்டு அழுதார்.

டெல்பர்ட் கோழிகளையெல்லாம் விற்று இரண்டு வருஷமாகிறது. கூண்டுகளைப் பிரித்து வண்டியில் ஏற்றிவிட்டதே ஹார்லன்தான். வெர்னா போனதிலிருந்து தன் கையையே தன்னால் நம்ப முடியாமல், அந்தத் துப்பாக்கியை யாராவது கேட்டு வாங்கிக்கொண்டு போகமாட்டார்களா என்றுதான், தனக்கு வாங்குவதற்கு எதுவுமே இல்லாத அந்தக் கடைவாசலில் தினமும் வண்டியை நிறுத்தி, ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு, அவர் காத்துக்கொண்டிருந்தார்.