எண்ணூறு கண்கள்

“கூட்டத்தக் கலைச்சாத்தான் வேலையத் தொடுவேன். இல்லன்னா மெஷின லொறியில ஏத்திக்கிட்டு ஹட்டனுக்கே போயிடுவேன்!”

வெல்டிங் வேலைக்கு வந்த அந்தோனிமுத்து இப்படிச் சொல்லிவிட்டு, தேர்ச்சக்கரத்தடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

பெரிய கங்காணி சிவசாமிக்கு வியர்த்தது. கொத்மலைக் குளிரில் வியர்ப்பதென்றால் லேசுப்பட்ட விஷயமா? விடிந்தால் மாரியம்மன் தேர் தேயிலைத் தோட்டத்துக் குடியிருப்பு வரிசைகளில் லயம் லயமாகப் போக வேண்டும். மத்தியானம் வெள்ளோட்டம் விட்டபோது இரும்பு அச்சு விரிசல் விட்டுவிட்டது. ஒட்டவைக்க வந்தவனோ இப்படி முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

“கலைக்கிறதா? நானூறு பேரு வந்திருக்காங்க தம்பி. தொரையே துப்பாக்கியோட வந்தாலும் இன்னிக்குக் கலைய மாட்டாங்க.”

“அப்ப எண்ணூறு கண்ணுக்கு யாருங்க பொறுப்பு? உங்க சனம் வெளிச்சத்தக் கண்டாலே கன்னத்துல போட்டுக்கிட்டு, கண்ண அகல விரிக்கும். இது கண்ணுல ஒத்திக்கிற கற்பூரம் இல்லீங்க. பாக்குறப்ப ஒண்ணும் தெரியாது. மறுநாள்தான் சேதி சொல்லும். கினிகத்தேனையில ஒரு முதலாளி, ‘நான் பாக்காத வெளிச்சமா’ன்னு நெஞ்ச நிமித்திக்கிட்டு நின்னாரு. ரெண்டு நாள் சம்சாரம் கையப் புடிச்சுக்கிட்டுத்தான் கொல்லைக்குப் போனாரு.”

“சாக்கக் கட்டி மறைச்சா?”

“பொத்தல் இல்லாத சாக்கு இந்தத் தோட்டத்துல இருக்கா? பொத்தலுக்கு ஒரு கண்ணு வந்து ஒட்டிக்கும்.”

அதுவரை வெற்றிலையை மென்றுகொண்டிருந்த பூசாரி அழகுமுத்து துப்பிவிட்டு வந்தார்.

“தம்பி, தேரு கோயில் வாசலுக்கு நேரா நிக்குது. சனம் சாமியப் பாத்து நின்னா, ஒனக்கு முதுகுதானே தெரியும்?”

“ஆமாங்க.”

“அப்ப தேருல இருக்கிற காகிதப் பூ, தோரணம் எல்லாத்தயும் கழட்டிப் போடு. தண்ணி, மண்ணு எது வேணுமோ கேட்டு வாங்கி வச்சுக்க. நீ வேலையத் தொடங்குறப்ப நான் தீபாராதனயத் தொடங்குறேன். தீபாராதன நேரத்துல சாமிக்கு முதுகக் காட்டுற ஆளு இந்த மலையிலயே பொறக்கல.”

“யாராவது திரும்பிட்டா?”

“திரும்புனவன் கண்ண ஆத்தா எடுத்துக்குவான்னு சொல்லிடுறேன்.”

“அதுல ஒண்ணும் பொய் இல்லீங்க” என்று சிலுவை போட்டுக்கொண்டு எழுந்தான் அந்தோனிமுத்து.

விளக்கு வைக்கிற நேரம். நானூறு பேரும் வாசலில் நெருக்கியடித்து நின்றார்கள். திரும்பினால் கண் போய்விடும் என்று பூசாரி சொன்னதும் பச்சைக் குழந்தைகூட வாயை மூடிக்கொண்டது. மேளம் முழங்க, மணி அடிக்க, கற்பூரம் எரிந்தது. சனத்தின் முதுகுக்குப் பின்னால் அந்தோனிமுத்து கறுப்புக் கண்ணாடி வைத்த முகமூடியை இறக்கினான்.

அடேயப்பா!

எண்ணெய் வழியும் கருங்கல் அம்மன் முகத்தில் நீல மின்னல் இறங்கியது. ஒன்றல்ல, ஆயிரம். மூக்குத்தி வெடித்துச் சிதறுவதுபோல் மின்னியது. அம்மன் கண்ணைச் சிமிட்டுகிறாள், சிரிக்கிறாள், இதோ எழுந்தே வந்துவிடுவாள்! எதிர்மலைத் தேயிலைச் செடிகள்கூட எக்கி நின்று பார்த்தன என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

“ஆத்தா வந்துட்டாடீ!” என்று கத்திய தேயிலைக் கொழுந்து பறிக்கும் வீரம்மா, அடுத்த நொடி ஆட ஆரம்பித்தாள். உள்விஷயம் தெரிந்த பெரிய கங்காணியே கோட்டோடும் தலைப்பாகையோடும் சேற்றில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

தட்டை ஏந்திக் கருவறை வாசலில் சனத்தைப் பார்த்து நின்ற பூசாரியோ ஆடவில்லை, அசையவில்லை. அவர் முகமும் நீலமாக ஜொலித்தது. இமைகூடக் கொட்டவில்லை.

“பூசாரி மேலயும் எறங்கிட்டா!” என்று நானூறு வாயும் முணுமுணுத்தன.

ஒரு தலைகூடத் திரும்பவில்லை.

மறுநாள் காலை தேர் புறப்பட்டது. அச்சு கருங்கல் மாதிரி நின்றது. ஆனால் அச்சைப் பார்க்க யாருக்கு நேரம்? எல்லோரும் பூசாரியைத்தான் பார்த்தார்கள். மூடிய கண்களிலிருந்து தாரை தாரையாகக் கண்ணீர் வழிய, பெரிய கங்காணியின் தோளைப் பிடித்தபடி தேருக்கு முன்னால் அவர் நடந்துவந்தார்.

“ஆத்தாள நேருல கண்ட கண்ணு. நிக்குமா கண்ணீரு?” என்று வீரம்மா விம்மினாள். லயத்துக்கு லயம் அவர் காலில் குடங்குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். கேட்ட வரம் கிடைக்கும் என்று பிள்ளைகளைக் கொண்டுவந்து காலடியில் போட்டார்கள்.

அச்சு தாங்குகிறதா என்று பார்க்கத் தங்கியிருந்த அந்தோனிமுத்துவுக்கே மெய் சிலிர்த்தது. இப்படியும் ஒரு பக்தியா! தொப்பியைக் கழற்றிக்கொண்டு கிட்டே போனான்.

“ஐயா, நான் அந்தோனிமுத்து. கும்புடுறேனுங்க.”

குரலைக் கேட்டதும் பூசாரி அவன் கையை இறுகப் பிடித்து, காதோரம் இழுத்தார்.

“தம்பி, ரெண்டு கண்ணுலயும் மணல அள்ளிக் கொட்டுன மாதிரி இருக்கே. இதுக்கு என்னய்யா மருந்து?”

அந்தோனிமுத்துவின் வாய் பிளந்தது.

“அடப்பாவமே! எத்தன தடவ பாத்தீங்க?”

“ஒரே தடவதான் தம்பி” என்றார் பூசாரி. “நீ தொடங்குனதுலேருந்து முடிக்கிற வரைக்கும்.”